பத்துக் கேள்விக்குள் ஓர் ஊர்

ஆரம்பாக்கத்துக் கலியன் முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர். ஈர வரப்பின்மேல் ரிவர்ஸிலேயே போய், தூங்கும் தவளை ஒன்றைக்கூட எழுப்பாமல் திரும்புவார். எல்லாம் சொந்த நிலத்துக்குள் என்பதால் லைசென்ஸ் தேவைப்படவில்லை. அப்பேர்ப்பட்டவரை எல்எல்ஆர் என்கிற பழகுநர் லைசென்ஸுக்கான கம்ப்யூட்டர் பரீட்சை இரண்டு முறை வெளியே அனுப்பிவிட்டது.

இதில் கேவலம் என்னவென்றால், அவர் சம்சாரம் முத்தம்மாள் முதல் தடவையிலேயே எல்எல்ஆர் வாங்கி, பெரிய லைசென்ஸும் எடுத்து, ஸ்கூட்டரும் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் மச்சான் சசிகுமார் மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமைப் பரீட்சையிலும் கோட்டைவிட்டால், பெண்டாட்டி ஓட்ட, பின்சீட்டில் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் முன்னால் போய் இறங்க வேண்டும். அதற்கு நடந்தே போகலாம் என்பது கலியன் கட்சி.

புதன்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே முத்தம்மாள் விசாரித்தாள். "போன தபா இன்னா கேட்டான், நீ இன்னா சொன்ன?"

"மஞ்ச லைட்டு எரிஞ்சா இன்னா செய்வேன்னு கேட்டான். செவப்பு வர்றதுக்குள்ள பூந்து போயிடுவேன்னு இருந்திச்சி, அத்த அமுக்கினேன்."

"அப்பால?"

"ஆம்புலன்ஸ் வந்தா அது பின்னாலியே ஒட்டிக்கினு போவேன். ரோடு காலியா கெடைக்குமே. ஏமே, அந்தக் கம்ப்யூட்டரு ஒரு நாளாவது நம்ம ஜிஎன்டி ரோட்ல வந்திருக்குமா?"

முத்தம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். "யோவ், நீ நெசத்த சொல்லிக்கினு இருக்க. அது நம்ம ரோட்டப் பத்தி கேக்கல. எங்கியோ ஒரு ஊரு இருக்குது. அங்க எல்லாரும் நின்னு, பாத்து, வழி விட்டுத்தான் போவான். அந்த ஊர்ல வண்டி ஓட்னா இன்னா செய்வேன்னு கேக்குது."

"அப்டி ஊரு எங்கமே இருக்குது?"

"பரீச்சைக்குள்ளதான்."

அன்று முழுக்கக் கலியன் அந்த ஊரிலேயே குடியிருந்தார். கொல்லைக்குப் போகும் வழியில் எருமைக்கு ஒதுங்கி வழிவிட்டார். வாசலில் ஒரு கோழி கடந்து முடிக்கும்வரை கையில் காபியோடு நின்றார். வியாழக்கிழமை பத்துக்குப் பத்து. ஆபீஸர் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் பத்துதான்.

ஞாயிறு காலை, முன்னால் எல் ஸ்டிக்கர், ஹேண்டில்பாரில் கலியன், பின்னால் சீர்த்தட்டோடு முத்தம்மாள். கும்மிடிப்பூண்டி பஜாரில், வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், மீன்கூடையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். கலியன் வண்டியை நிறுத்தினார்.

அந்த அம்மாள் கடக்கவில்லை. பிறந்ததிலிருந்து எந்த வண்டியும் அவளுக்காக நின்றதில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறதென்று கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆள் கடந்த பிறகே நகர வேண்டும் என்பது நான்காவது கேள்வி. கலியன் இன்ஜினை அணைத்தார். பின்னால் கண்டெய்னர் லாரிகள் நின்றன. வரிசை வளர்ந்து ஆந்திரா எல்லையைத் தாண்டியது. அங்கே கடைசி லாரிக்காரன் "ஏமைந்தி நைனா?" என்று கேட்டது, லாரிக்கு லாரி கைமாறிக் கலியன் காதுக்கு வந்தபோது "இன்னாபா ஆச்சு?" என்று தமிழாகியிருந்தது.

"வழி விட்டுக்கினு இருக்கேன்னு சொல்லு," என்று கலியன் பதிலைத் திருப்பி அனுப்பினார்.

முகூர்த்தம் போய்விடுமே என்று முத்தம்மாள் தட்டோடு இறங்கி, அந்த அம்மாளைக் கைபிடித்துக் கடத்திவிட்டாள். வழி திறந்ததும் அத்தனை லாரியும் ஒரே மூச்சில் ஹாரன் அடிக்க, கலியன் கிளம்ப வேண்டியதாயிற்று.

"நில்லுயா, ஏறிக்கிறேன்," என்று முத்தம்மாள் ஓடி வந்தாள்.

"போர்டு பாருமே. இங்க வண்டி நிறுத்தக் கூடாது."

போர்டு போட்ட எல்லை முடிந்த இடத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். ஒரு ஷேர் ஆட்டோ அவரைக் கடந்தது. உள்ளே, மடியில் சீர்த்தட்டோடு, முத்தம்மாள்.

கலியன் மண்டபத்துக்கு வந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சசிகுமார் வாசலுக்கு ஓடி வந்தான்.

"இன்னா மாமா, பெட்ரோலு தீந்துபோச்சா?"

"டேங்க் ஃபுல்லு. லைசென்ஸு வெச்சிருக்கறது உங்க அக்கா. அது பின்னால இல்லாம எல்எல்ஆர்காரன் ஓட்டக் கூடாது."

சசிகுமார் அக்காவைப் பார்த்தான்.

"பத்துக்குப் பத்துடா," என்றாள் முத்தம்மாள். "எல போடு."

கலியன் ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்தார்.

"நல்லா பாத்துக்கோ மச்சான். பின்சீட்ல உக்காந்து வரல."