இடது பக்கம் இரண்டடி

"இதுலயும் திட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. அடுத்ததப் போடு" என்றாள் அம்மா.

மகள் அடுத்ததைப் போட்டாள். திரையில் அப்பா வாயைத் திறந்திருந்தார். கை காமிராவை நோக்கி நீண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்துவிடும். அதற்குள் ஹாலில் வைக்க ஒரு படம் வேண்டும். முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்திய மனிதருக்கு உருப்படியாக ஒரு படம் இல்லை. இல்லாமல் என்ன, முந்நூறு இருக்கிறது. முந்நூறும் அவள் எடுத்தவை, முந்நூறிலும் திட்டு.

மலிவு டிஜிட்டல் காமிரா வந்த புதிதில், முதல் சம்பளத்தில் வாங்கினாள். அந்த வருடமே தெருவில் நாலு பேர் கையில் அது இருந்தது. முதலில் பிறந்தநாள் படங்கள் நின்றன. பிறகு, "மச்சான்கிட்டயே காமிரா இருக்கு சார்" என்று கல்யாணங்களும் நின்றன. கடைசியில் பாஸ்போர்ட் படமும், அடுத்தவர்கள் எடுத்துக் கெடுத்த படங்களில் பிளாஷ் வெளிச்சத்தில் சிவந்த கண்ணைக் கறுப்பாக்கும் வேலையும்தான் மிஞ்சின. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணாகத் திருத்துவார்.

அவள் குழந்தையின் முதல் படத்தையும் அவளே எடுத்தாள். ஸ்டுடியோ கீழ்த்தளத்தில்தான், பதினாலு படி. சோம்பலில் இறங்கவில்லை. அவர் அந்தப் படத்தைப் பார்த்து, "மூஞ்சி இருட்டா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"என் மேல கோவம்மா அவருக்கு. இந்தச் சனியன முதல்ல வீட்டுக்குள்ள கொண்டாந்தது நான்தானே."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மிஞ்சியது ஒரே படம், நேற்று முன்தினம் ஆஸ்பத்திரியில் எடுத்தது. அப்போதே அவருக்குப் பேச்சு போய்விட்டது. காமிராவைப் பார்த்ததும் கையைத் தூக்கி அசைத்தார். 'போதும், போ' என்கிறார் என்று நினைத்து, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று அழுதாள். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

படம் வைக்க ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு லைட்டண்ணன் வந்தார். இருபது வருடம் ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்ததால் அந்தப் பெயர். இப்போது ஒரு ஆபீசில் லிப்ட் இயக்குகிறார். "அப்பவும் ஏத்தி எறக்கினேன், இப்பவும் ஏத்தி எறக்குறேன்" என்பார். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. திரையைக் குனிந்து பார்த்தார்.

"அட, ரெண்டு விரலு!"

"என்னண்ணே?"

"இடது பக்கம் ரெண்டடி நகருன்னு அர்த்தம். எனக்குக் காட்டுவாரே! வாய் விட்டுச் சொன்னா உக்காந்திருக்கறவங்க முகம் கலைஞ்சிடும்னு விரல்லதான் சொல்லுவாரு. இங்க பாரு, உன் நிழலு அவரு மூஞ்சில விழுது."

"என்னப் போகச் சொல்லலையா?"

"போகச் சொல்றவரு எதுக்கும்மா தாடைய எறக்கி, காலர இழுத்து விட்டுக்கிட்டு இருக்காரு? படத்துக்கு ரெடியா இருக்காரு."

அவள் பார்த்தாள். ஆமாம், ஆஸ்பத்திரிச் சட்டையின் காலர் நேராக இருந்தது. தயாராகத்தான் இருந்திருக்கிறார். அவள்தான் நகர்ந்து இன்னொன்று எடுக்காமல் எழுந்து போய்விட்டாள்.

"இதையே போடு" என்றாள் அம்மா.

"கை தெரியுதேம்மா."

"தெரியட்டும். கை இல்லாம அவரா?"

பிரிண்டர் வழக்கம்போல இருமிவிட்டுப் படத்தைத் தள்ளியது.

பதினொன்றே காலுக்கு அவரைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தினார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒதுங்கி மகளுக்கு வழி விட்டார்கள். அவள் ஜன்னலை ஒட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். தாடை சரியாக இருந்தது. யாரோ தோளைத் தொட்டு, "அழுதுரும்மா" என்றார்கள்.

அவருடைய நெற்றியிலும் ஒரு கண்ணிலும் அவள் நிழல் விழுந்திருந்தது.

அவள் இடது பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். பிறகு இன்னொன்று.