ஏழு கடிதங்களும் ஒரு ‘சரிப்பா’வும்

கருமாதி முடிந்து, பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில்தான் திரிபுரசுந்தரி மகளிடம் வாயைத் திறந்தாள். அதுவரை இளவேனில் காபி கொடுத்தால் வாங்கிக்கொண்டாள், ஏதாவது கேட்டால் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். புருஷன் போன துக்கம் என்றுதான் வரிச்சிக்குடி முழுவதும் நினைத்தது. இளவேனிலும் அப்படித்தான் நினைத்தாள்.

“ஆபரேஷன் பண்ணியிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாருன்னு உத்திராபதி மாமா சொல்றாரும்மா. அப்பா ஏன் பண்ணிக்கல? நீயாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

திரிபுரசுந்தரி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

“என்னடி கேக்குற? நீதானே வேணாம்னே.”

“நானா?”

“எல்லாத்தையும் வெவரமா எழுதி அனுப்பினாரே. நீயும் சரின்னு பதில் போட்டியே. ‘உம் மகளே சரின்னுட்டா, இனிமே இதைப் பத்தி அவகிட்ட போன்ல அழுது வைக்காதே’ன்னுட்டாரு. நானும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். நீ எப்படிடி சரின்னு சொன்னே?”

எதற்குச் சரி சொன்னோம் என்றே இளவேனிலுக்குத் தெரியாது. எழுந்து போய் கொல்லைப்படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

அவள் அப்பா கைலாசநாதன் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர். எதையும் “எழுத்துல இருக்கட்டும்” என்பார். பெண்டாட்டியோடு சண்டை என்றால்கூட மறுநாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பக்க விளக்கக் கடிதம் இருக்கும். மகள் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போனபிறகு, வெள்ளிக்கிழமைதோறும் போன். ஆனால் அதில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் அவருக்கு வாய் வராது. மற்றதெல்லாம் கடிதம்தான்.

பதினைந்து நாளைக்கு ஒரு வியாழக்கிழமை, பஸ் பிடித்துக் காரைக்காலில் நூர் அகமதுவின் டைப்பிங் கடைக்குப் போவார். போனில் தமிழ் அடிக்க அவருக்கு விரல் பழகவில்லை. அலுவலகத்தில் அவர் அடித்துப் பழகிய ‘பூம்பொழில்’ என்ற பழைய தமிழ் ஃபான்ட் எழுத்து அந்தக் கடையில்தான் இன்னும் இருந்தது. மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒருவரையும் எட்டிப்பார்க்க விடாமல் தானே அடித்து, தானே பிடிஎஃப் ஆக்கி மகளுக்கு அனுப்புவார். கடிதம் என்றால் சாதாரணக் கடிதமா? ‘பொருள்: கொல்லை வாய்க்கால் தூர்வாருதல் – தொடர்பாக. பார்வை: தொலைபேசியில் நீ கேட்டது.’ கீழே தேதி, கையொப்பத்துக்கு இடம், எல்லாம் உண்டு.

முதல் வருஷம் இளவேனில் ஒன்றுவிடாமல் படித்தாள். அறைத்தோழி மர்யமிடம் வாசித்துக் காட்டிச் சிரித்தாள். அப்புறம் மேலோட்டமாகப் பார்த்தாள். போன வைகாசியில் ஒரு நாள் கடிதத்தைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக, பூனை கீபோர்டில் நடந்த மாதிரி ஒரு பக்கம். அப்பாவிடம் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். சொன்னால் பத்துக் கேள்வி கேட்பார், வெயிலில் மறுபடியும் பஸ் ஏறிக் கடைக்கு ஓடுவார். வாய்க்கால் விஷயமாகத்தானே இருக்கும் என்று, “படிச்சேன்ப்பா. சரிப்பா” என்று போட்டுவிட்டாள். அடுத்த கடிதமும் அப்படியே வந்தது. அதே பதிலைப் போட்டாள். இப்போது எண்ணிப் பார்த்தாள். ஏழு கடிதங்கள். ஏழுக்கும் அதே பதில்.

பிழைப்புக்கு அலைகிறவர்கள் சொல்கிற சின்னப் பொய்தான் இது. இதைச் சொல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? ஆனால் அன்று காலை கொல்லைப்படியில் அந்த ஏழு பதில்களையும் பார்த்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பத்து மணி பஸ்ஸில் காரைக்காலுக்குப் போனாள். நூர் அகமது அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்கம்மா. சார் மவுத்தான அன்னிக்கு நான் வந்திருந்தேன். நீங்க அப்ப வந்து சேரல.”

அவள் அந்தக் கடிதங்களைத் திறந்து போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“யா அல்லாஹ். எழுத்தே உள்ள போகலியே.”

“புரியலை பாய்.”

“இந்தப் பழைய எழுத்து எங்க மிஷின்ல இருக்கு. அதனால எங்களுக்கு இங்க நல்லாத்தான் தெரியும். உங்க போன்ல அது கெடையாது. பிடிஎஃப் பண்ணும்போது எழுத்தையும் அதுக்குள்ளயே சேர்த்து அனுப்பணும்மா. அதுக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதுல டிக் போடணும். நான் போட்டுத்தான் வச்சிருந்தேன். வைகாசில கம்ப்யூட்டர் படுத்துடுச்சு, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினேன். அந்த டிக்கை மறுபடி போட மறந்திருக்கேன். எந் தப்புதாம்மா.”

தப்பு இவருடையது என்று கேட்டதும் அவளுக்கு ஒரு நிமிஷம் மூச்சு லேசாக வந்தது. அந்த ஒரு நிமிஷத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

“ஆனா சார் கேட்டாரும்மா. ஆனி மாசம். ‘பாய், இது முக்கியமான கடிதம், அந்தப் பக்கம் எழுத்து ஒழுங்காத் தெரியுமா’ன்னாரு. தெரியலைன்னா உங்க பொண்ணே சொல்லியிருக்குமே சார்னேன். ‘ஆமாமா, ஒவ்வொண்ணுக்கும் படிச்சேன்னு பதில் போடுறாளே’ன்னு சிரிச்சாரு. அத்தோட அனுப்பிட்டுப் போயிட்டாரு.”

மூலைக் கம்ப்யூட்டரில் ‘இளா’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. நூர் அகமது அந்தக் கட்டத்தைத் தேடி டிக் போட்டார். ஏழு கடிதங்களையும் புதிதாக பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார். இளவேனிலின் போனில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. திறந்தாள். தமிழ். ‘பொருள்’ என்ற சொல்லுக்குக் கீழே அப்பா வழக்கமாகப் போடும் இரட்டைக் கோடுகூட இடம் மாறாமல் இருந்தது.

முதல் இரண்டும் அவள் நினைத்த மாதிரியே வாய்க்கால்தான். மூன்றாவது அந்தக் கடிதம்.

‘பொருள்: தொண்டை அறுவைச் சிகிச்சை – முடிவெடுத்தல் – தொடர்பாக.

அன்புள்ள இளா,

சின்னக் கட்டி, மாத்திரை போதும் என்று போனில் சொன்னது உண்மையல்ல. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. குரல்பெட்டியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று புதுச்சேரி டாக்டர் சொல்கிறார். எடுத்தபின் பேச்சு வராது. வெள்ளிக்கிழமை உன்னோடு பேசுவது நின்றுபோகும். அம்மாவோடு சண்டை போடுவதும் நின்றுபோகும் (அதில் அவளுக்கு நஷ்டமில்லை). யோசித்துப் பார்த்ததில், இருக்கிறவரை பேசிக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனாலும் நீ செய்துகொள்ளச் சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்துகொள்கிறேன். என் கருத்து உனக்குச் சம்மதமானால் “சரி” என்ற ஒரு சொல் போதுமானது. மாற்றுக் கருத்து இருப்பின் ஒரு வாரத்திற்குள் தெரிவிக்கவும்.’

அவர் ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார். அவளுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. லேபில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே, இடது கையால் அடித்து அனுப்பியது போனில் இன்னும் இருந்தது. “படிச்சேன்ப்பா. சரிப்பா.”

நான்காவது கடிதத்தில் ஒரே வரிதான். ‘உன் ஒப்புதல் கிடைக்கப்பெற்றது. நன்றி.’

ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் மறுபடியும் வாய்க்கால், பக்கத்து வீட்டு ஆடு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்பது. முடிவெடுத்த கோப்பை அவர் மறுபடி திறக்கிற ஆள் இல்லை. அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்காரப் போனாள். நூர் அகமது நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுது முடிக்கிறவரை, ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேரை அவர் அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், அம்மாவிடம் என்ன சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டு வந்தாள். ‘படித்தேன், அப்பா ஆசைப்பட்டார், அதனால் சரி என்றேன்’ என்று சொல்லலாம். அம்மா திட்டுவாள், ஆனால் அப்பா மகளைக் கேட்டு முடிவெடுத்தார் என்பதாவது மிஞ்சும். உண்மையைச் சொன்னால் அதுவும் மிஞ்சாது. இறங்குகிற வரைக்கும் பொய்தான் நல்லது என்று தோன்றியது. வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா பீரோவைத் திறந்துபோட்டு, அப்பாவின் வேட்டிகளை யாருக்காவது கொடுப்பதற்காக ஒரு பழைய ஜிப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“படிச்சியா அந்தக் கடிதாசியை?”

“இன்னிக்குத்தாம்மா படிச்சேன்.”

திரிபுரசுந்தரியின் கை நின்றது. இளவேனில் எல்லாவற்றையும் சொன்னாள். கம்ப்யூட்டர், எழுத்து, டிக் என்பதெல்லாம் அம்மாவுக்கு ஏறவில்லை. ஒன்று மட்டும் ஏறியது.

“அப்ப அந்தச் சரி?”

“சும்மா போட்டதும்மா. எல்லாத்துக்கும் போடுற மாதிரி.”

“படிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

“பண்ணிக்கங்கன்னுதான் சொல்லியிருப்பேன். பேசவே வேணாம்ப்பா, உசிரோட இருங்க, எழுதிக்கிட்டே இருங்கன்னு சொல்லியிருப்பேம்மா. அன்னிக்கே பிளைட் ஏறி வந்திருப்பேன்.”

திரிபுரசுந்தரி கட்டிலில் உட்கார்ந்தாள். பதினேழு நாளாக மகள் மேல் வைத்திருந்த கோபம் அவள் முகத்தை விட்டு இறங்கியது. இறங்கியபின் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அவருக்கும் அது தெரியும்டி. அந்த வியாழக்கிழமை கடையிலேருந்து வந்ததும் வராததுமா இந்தப் பையைத்தான் எடுத்தாரு. ரெண்டு வேட்டி, துண்டு, புதுசா வாங்கின சோப்பு, எல்லாத்தையும் எடுத்து வச்சாரு. எங்க கெளம்பிட்டீங்கன்னேன். ‘புதுச்சேரிக்குத்தான். நான் வேணாம்னு எழுதியிருக்கேன், ஆனா இளா விடமாட்டா, பண்ணிக்கிட்டே ஆவணும்னு சத்தம் போடுவா, பாரு’ன்னாரு. சாயங்காலம் உன் பதில் வந்துச்சு.”

“அப்பா என்னம்மா சொன்னாரு?”

“கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை படிச்சாரு. அப்புறம் வேட்டி, துண்டை அவரே பீரோவுல வச்சுட்டு, சோப்பை மட்டும் என்கிட்ட குடுத்து, பாத்ரூம்ல வச்சுடுன்னாரு.”