குருவியின் சிலுவை

எங்கள் காட்டுப் படையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பிடிபட்டவன் அடி தாங்காமல் உளறினாலும் அடுத்தவன் வீடு எரியக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. என் குணத்துக்கு முள்ளம்பன்றி என்று வைத்தார்கள். இடது காதில் பாதி இல்லாத ஒரு வாயாடிப் பையனுக்குக் குருவி.

ஒரு நாள் காலை ஓல்ஷினா கிராமத்தைக் காலி பண்ண ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். சனங்கள் காட்டுக்குள் போய்ச் சேரும்வரை மரப்பாலத்தை நாங்கள் விடக் கூடாது. கரைப் பள்ளத்தில் நான் இயந்திரத் துப்பாக்கியோடு படுத்திருந்தேன். பக்கத்தில் குருவி தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தான்.

"அண்ணே, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மாவுக்குச் சொல்லணும். என் பேரு..."

"வாயை மூடுடா. பேரைச் சொன்னே, நானே சுட்டுருவேன்."

"நீங்க குறி வச்சா மேயுற மாடுதாண்ணே சாகும்."

மத்தியானம்வரை தாக்குப்பிடித்தோம். சனம் தப்பியது. குருவிக்குத் தொண்டையில் குண்டு பட்டது. "இப்பச் சொல்லுடா, பேரைச் சொல்லுடா" என்று கெஞ்சினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிலுவையில் 'குருவி' என்று மட்டும் செதுக்கினோம்.

போர் முடிந்தது. நவம்பர் முதல் தேதி, கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் நாளில், அந்தச் சிலுவையருகே மெலானியா என்றொரு அம்மா வந்தாள். "நெட்டையா, செம்பட்டை முடியோட இருப்பான். இவன்தானா தம்பி?" குருவி குள்ளம், கறுத்த முடி. ஆனால் மெழுகுவத்தியை வைக்க இடமில்லாமல் அவள் நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. "இவன்தாம்மா" என்றேன். அவள் கல் நட்டு, தன் மகன் கஸ்பரின் பெயரை வெட்டி வைத்தாள்.

அடுத்த வருஷம் அதே நாளில் இன்னொருத்தி வந்தாள். குள்ளமாக இருந்தாள்.

"எம்மவனுக்கு வாய் ஓயாதுப்பா. இடது காது பாதிதான் இருக்கும், சின்னதுல நாய் கடிச்சது. பாத்திருக்கியா?"

"அவன் பேரு என்னம்மா?"

"ஃப்ளோரியான்."

பத்தடி தள்ளி மெலானியா மண்டியிட்டு, கல்லில் கன்னத்தை வைத்து மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இவளுக்குப் பிள்ளை கிடைப்பான், அவளுக்கு மறுபடி சாவான். பாழாய்ப்போன என் வாய்தான் இதற்கும் காரணம்.

"அப்படி யாரும் எங்க படையில இல்லம்மா."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப எம்புள்ள எங்கயோ உசுரோட இருக்கான்" என்றாள். கொண்டுவந்த மெழுகுவத்தியை ஏற்றாமலே பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.