அணைச்சுப் போட்டுப் பாருங்க

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஆஸ்பத்திரியின் மெயில் சர்வரைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்க்கிறவன் என்ற திமிர் வேறு. அந்தப் புதன்கிழமை காலை தீவிர சிகிச்சைப் பிரிவு சிஸ்டர் போன் செய்து, "சார், ரிப்போர்ட்ட திங்கக்கிழமையே அனுப்பிட்டோம்னு லேப்ல சொல்றாங்க. எங்களுக்கு வரவே இல்ல" என்றபோதும், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, அவங்களக் கேளுங்க" என்று வள்ளென்று விழுந்தேன்.

அது யாருடைய ரிப்போர்ட் என்று கேட்ட பிறகுதான் நாக்கு அடங்கியது. எங்கள் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் அண்ணனின் மனைவியுடையது. ரத்தத்தில் கிருமி. எந்த மருந்துக்கு அது சாகும் என்று வெளியிலிருக்கும் லேப் சொல்ல வேண்டும். அதுவரை டாக்டர்கள் குத்துமதிப்பாக ஒரு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

போனில் கேட்டுவிடலாமே என்பீர்கள். முடியாது. போன வருடம் ஒரு நோயாளியின் விவரம் வெளியே கசிந்து பெரிய ரகளையானது. அதற்குப் பிறகு, அந்த லேபிலிருந்து ரிப்போர்ட் என்றால் பூட்டுப் போட்ட மெயில் மட்டும்தான், போனில் மூச்சு விடக்கூடாது என்று விதி. எழுதியவன் நான். எங்கள் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் செல்லுபடியானால்தான் அவர்கள் சர்வர் மெயிலைக் கொடுக்கும். மற்றவர்கள் அவ்வளவு கறார் பார்ப்பதில்லை. அதனால் மற்ற மெயிலெல்லாம் வந்துகொண்டிருந்தது, எனக்கும் சந்தேகம் தட்டவில்லை.

லேப்காரரைப் பிடித்தேன்.

"சார், உங்க சான்றிதழ் ஞாயித்துக்கிழமையோட காலாவதின்னு வருது. மெயில் எங்ககிட்டயே வரிசையில நிக்குது."

"யோவ், வெள்ளிக்கிழமைதான்யா புதுசு போட்டேன்! என் திரையில பச்சையா இருக்கு. உன் பக்கம் பாரு."

"அவசரம்னா போன்லயே வாசிச்சிடவா சார்?"

"விதி விதிதான். அரை மணியில சரி பண்றேன்."

அரை மணி மூன்று மணியானது. ஃபயர்வாலைக் குடைந்தேன். சர்வரின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். மெயில் பூட்டின் சாவியும் சான்றிதழும் பொருந்துகின்றனவா என்று நான்கு தடவை பார்த்தேன். சனியன், எல்லாம் பொருந்தியது.

சர்வர் அறை ஏசியைப் பார்க்க அண்ணன் வந்தார். மனைவி மூன்றாவது மாடியில் கிடக்க, மனுஷன் வேலைக்கு வந்திருந்தார். "உள்ள விடமாட்டேங்கிறாங்க தம்பி. சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்குது." என் முகத்தைப் பார்த்தவர், எப்போதும் சொல்கிற கிண்டலையே சொன்னார். "எதுவா இருந்தாலும் ஒருவாட்டி அணைச்சுப் போட்டுப் பாருங்க."

"அண்ணே, இது உங்க டியூப்லைட் இல்ல," என்றேன். எதற்காக மல்லுக்கட்டுகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. என் திரையை விட்டுவிட்டு, வெளியாள் மாதிரி எங்கள் சர்வரைத் தட்டி, உன் சான்றிதழைக் காட்டு என்றேன். பழையதைக் காட்டியது. அடப்பாவி! வெள்ளிக்கிழமை புதுசைக் கோப்பாக உள்ளே வைத்தவன், மெயில் சேவையை அணைத்துப் போடவில்லை. வேலை நேரத்தில் மெயில் நிற்க வேண்டாம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, அப்படியே மறந்திருக்கிறேன். அது தன் ஞாபகத்தில் இருந்த பழையதையே எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தது. என் பச்சை விளக்கு பார்த்தது கோப்பை மட்டும்.

அணைத்துப் போட்டேன். நாற்பத்தொரு ரிப்போர்ட் கொட்டியது. அண்ணியுடையது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுப்பியது. இப்போது ஏற்றும் மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று முதல் வரியிலேயே இருந்தது. மாடிக்கு ஓடினேன். மருந்தை மாற்றினார்கள்.

வியாழக்கிழமை காலை அண்ணி இறந்துபோனார்.

"லேப் பக்கக் கோளாறுன்னு எழுதி மூடிடு," என்றார் மேலதிகாரி. நானும் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் நேராக என் மேஜைக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் ஓடி வந்து மருந்த மாத்த வச்சீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. நமக்குக் கொடுத்து வைக்கல. ஆனா உங்கள மறக்கமாட்டேன் தம்பி."

என்னால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப, அணைச்சுப் போட்டதும் வந்துருச்சா?"

"ஆமாண்ணே."

"அணைச்சுப் போட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து செகண்ட்."

என் கையை விட்டார்.

"நான் சொன்னேனே தம்பி," என்றார்.