விட்டுவைத்த துண்டு

“இன்னைக்கு வேணாம்க்கா. இனிமே சுகர் பார்த்து என்ன ஆகப்போகுது?” என்றாள் வீட்டுக்கு வரும் நர்ஸ். பஸ் டிரைவரின் மனைவி அதைக் காதில் வாங்காமல், கணவரின் விரலைப் பஞ்சால் துடைத்து ஊசி முனையை அழுத்தினாள்.

நூற்றுப்பத்து. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அவர் வயிற்றில் விட்டுவைத்த துண்டு இன்னும் வேலை பார்க்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் கணையத்தின் தலைப்பக்கம் புற்று என்று தெரிந்தது. முழுக் கணையத்தையும் எடுத்தால் அன்றிலிருந்தே சர்க்கரை வியாதி, ஆயுளுக்கும் இன்சுலின். தலையை மட்டும் எடுத்து வாலை விட்டால் சர்க்கரை வராமலிருக்கலாம் என்றார் டாக்டர்.

“கெட்டது ஒட்டுமொத்தமாப் போகட்டும். ஊசி நான் போட்டுவிடறேன்” என்றாள் இவள்.

அவர் ஒற்றைக்காலில் நின்றார். “இன்சுலின் போடறவன் கையில பஸ்ஸைக் கொடுக்கமாட்டாங்க. வால் இருக்கட்டும்.”

இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டினார். விடிவதற்குள் போய், இருட்டியபிறகு வந்தார். அப்புறம் புற்று கல்லீரலில் வந்து உட்கார்ந்தது, வாலில் ஒன்றுமில்லை. “முழுசா எடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம்மா” என்றார் டாக்டர். ஆகியிருக்கும் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

நர்ஸ் கை கழுவப் போனதும் அவர் காதருகே குனிந்தாள்.

“என்னங்க, அன்னைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பீங்களா?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “ஊசி குத்தணும்னு ஆசைப்பட்டே. தினமும் குத்திட்டுத்தானே இருக்கே.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“உனக்கு எவ்வளவு நாள் வேணும்?”

“எனக்கா?” அவள் யோசித்தாள். “நிறைய.”

“பேராசை” என்றார். உதட்டோரம் லேசாகக் கோணியது.

பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. அவளுடைய தம்பி டிப்போவுக்குப் போன் செய்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள்.

தெருமுனையில் பெரிய வண்டி ஒன்று உறுமியது. டிப்போ ஆட்கள் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். குறுகலான தெருவுக்குள் அது பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவன் அதன் தகரத்தில் தட்டித் தட்டி, “வரட்டும், வரட்டும்… இன்னும் இடமிருக்கு” என்றான்.

அவள் எழுந்துபோய், சாத்தியிருந்த கதவின் மறுபாதியையும் திறந்துவைத்தாள்.