சும்மா இருந்த கம்பி

மாட்டுப் பண்ணைக்குப் புது மின் இணைப்பு வேண்டும் என்றதும் மாமனார் வெளியே ஆள் தேடவில்லை. மருமகளே மின் பொறியாளர். கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கி, முதல் வேலை கிடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பால் கறக்கும் இயந்திரம், பாலைக் குளிரவைக்கும் தொட்டி, தண்ணீர் பம்பு, விசிறிகள் என்று எல்லாவற்றையும் எழுதி, எதெது ஒரே நேரத்தில் ஓடும் என்று கேட்டு, அதற்கேற்ற கேபிளும் மெயின் போர்டும் வரைந்தாள். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு செம்புக் கம்பியைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார். தொழுவத்தின் கம்பித் தடுப்பு, தரைக்குள் புதைத்த வலை, தண்ணீர்த் தொட்டி என்று இரும்பு அத்தனையையும் ஒன்றாகக் கட்டி மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி அது.

"இதுல கரண்டு போகுமா?"

"சாதாரணமா போகாது மாமா. ஏதாவது ஆனா இதுதான் காப்பாத்தும்."

"மத்த நேரம் சும்மா இருக்குமாக்கும்? என் தம்பி மாதிரி."

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தெரிந்ததால் அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. விளக்கியிருக்கலாம். வேலை தலைக்கு மேல் இருந்தது. மெயின் போர்டு அறை கட்டுவதற்காக மாமியாரின் துணிக்கொடியைப் பிடுங்கியிருந்தாள். "நாளைக்குக் கட்டித் தரேன் அத்தை" என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் மறந்தாள்.

பத்து நாள் எல்லாம் நன்றாக ஓடியது. கொல்லையில் துணிக்கொடியும் எப்படியோ முளைத்துவிட்டது. யார் கட்டினார்கள் என்று கேட்காமல், அப்பாடா என்று தன் நீலச் சட்டையை முதல் ஆளாக அதில் காயப்போட்டாள்.

பதினோராம் நாள் மாடுகள் தண்ணீர் குடிக்க மறுத்தன. மந்தைக்கே தலைவியான, 'மேடம்' என்று எல்லோரும் அழைக்கும் கறுப்புப் பசு, தொட்டியில் வாய் வைத்ததும் சுரீரென்று தலையை இழுத்துக்கொண்டது. மேடம் குடிக்காத தண்ணீரை மற்றவை தொடுமா? வாளியில் ஊற்றி வைத்தால் குடித்தன. ஆனால் இருபத்திரண்டு மாட்டுக்கு எத்தனை வாளி சுமப்பது? பால் சரசரவென்று குறைந்தது.

"தொட்டிக்கு அடிச்ச பெயிண்ட் வாசனை பிடிக்கலை போல" என்றார் மாமியார்.

"மாடு பொய் சொல்லாதும்மா. உன் கரண்டுலதான் ஏதோ கோளாறு" என்றார் மாமனார்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் சங்கத்துப் பண்ணைக்காரர்கள் ஐந்து பேர் இந்தப் பண்ணையைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் ஐந்து பண்ணை வேலையும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இருந்தும் தன் வேலையிலேயே குறை இருக்குமோ என்று சந்தேகிக்க அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. ஞாயிறு காலைதான் மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

தொட்டிக்கும் தரைக்கும் நடுவே இரண்டரை வோல்ட் காட்டியது.

"பழைய பம்புல துளி கரண்டு கசியுது மாமா. மாட்டோட வாய் தொட்டியில, கால் தரையில. ரெண்டையும் எர்த் கம்பி ஒண்ணா கட்டியிருந்தா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தக் கம்பியைத்தான் தேடறேன்."

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. தீவன மூட்டைகளை நகர்த்தினாள். சுவரிலிருந்து தொட்டிக்கு வரவேண்டிய செம்புக் கம்பி நறுக்கப்பட்டிருந்தது. திரும்பிக் கொல்லையைப் பார்த்தாள். வெயிலில் பளபளக்கும் செம்புக் கொடியில், அவளுடைய நீலச் சட்டை ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தது.

"சும்மாதானே இருந்துச்சு..." என்று இழுத்தார் மாமனார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் மாமியார், தன் புடவையை அதிலிருந்து உருவியபடி.

ஆனாலும் மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "இரண்டரை வோல்ட்டா? டார்ச் பேட்டரிக்குச் சமம். தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"செருப்பு போட்டுட்டு, காஞ்ச கையால தொட்டா எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். அவள் "வேண்டாம் மாமா" என்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் மண்டியிட்டு, தொட்டி விளிம்பில் நாக்கை வைத்தார். மேடம் இழுத்த மாதிரியே தலையை இழுத்துக்கொண்டார். வாசலில் ஐந்து பண்ணைக்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள்.

"என்னய்யா, மாட்டுக்குப் போட்டியா தண்ணி குடிக்கிறே?" என்றார் அவர்களில் மூத்தவர்.

மாமனார்மேல் பழியைப் போட்டால் வேலை பிழைக்கும். வாய்வரை வந்த சொல் அங்கேயே நின்றது. அதற்குள் மாமனார் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு சரியாத்தான் போட்டா. நான்தான் எர்த் கம்பியை வெட்டித் துணிக்கொடி கட்டினேன்."

"பழைய கொடியைப் பிடுங்கினது நான்தான். கட்டித் தரேன்னு அத்தையை ஏமாத்தினதும் நான்தான்" என்றாள் அவள்.

அவள் கொடியை அவிழ்த்து, செம்பைப் பழைய இடத்தில் இறுக்கி முடுக்கினாள். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. மேடம் அசைந்து வந்து, மூக்கை நனைத்து, சற்று யோசித்து, உறிஞ்ச ஆரம்பித்தது. பின்னாலேயே மற்றவை முண்டியடித்தன.

மாடுகள் குடித்து முடித்ததும் மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எங்க பண்ணைக்கு வாம்மா. முதல்ல என் சம்சாரத்தைப் பார்த்து, துணி எங்கே காயப்போடுவான்னு கேளு. அப்புறம் கம்பிக்குக் கோடு போடு."