நனையாத அனுஷா

உலகத்திலேயே மழையில் நனையாத ஒரே பிள்ளை ஹெப்பகோடியில்தான் இருந்தாள். உத்தமன், சொர்ணம் தம்பதியின் மகள் அனுஷா. ஆனேக்கல் பஸ்ஸில் ஏறி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொட்டுகிற மழையில் குடையில்லாமல் நர்சரிக்குப் போய், மொடமொடவென்று காய்ந்த கவுனோடு திரும்புவாள். தண்ணீர் அவள்மேல் பட்டு, முத்து முத்தாக உருண்டு, சாக்கடைக்கு ஓடிவிடும். சொர்ணத்துக்கு முதலில் பெருமைதான், துண்டு துவைக்கிற வேலை மிச்சம். அப்புறம் பிள்ளையின் நெற்றியில் பொட்டு நிற்கவில்லை. காலில் செருப்பு நிற்கவில்லை. அவள் அடுப்பங்கரைப் பக்கம் வந்தால் கல்லில் கிடந்த தோசை தானாக நழுவித் தட்டில் விழுந்தது. ஒருநாள் மெயின் ரோட்டைக் கடக்கும்போது குழந்தையின் கையே சொர்ணத்தின் பிடியிலிருந்து மீன் மாதிரி வழுக்கிப் போயிற்று. ஓசூர் பஸ் போட்ட பிரேக் சத்தம் ஓசூரிலேயே கேட்டது.

எலக்ட்ரானிக் சிட்டியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்த உத்தமன், அளந்து பார்க்காத எதையும் நம்பாதவன். “தேங்காயெண்ணெய அப்பிவிடுற, வழுக்காம என்ன செய்யும்? பெருசா அதிசயத்தக் கண்டுட்டா!” என்றான். ஃபேன் காற்றுக்கே பிள்ளை ஹாலிலிருந்து பால்கனி வரை சறுக்கிக்கொண்டு போனபோது, “தரை வாட்டம் சரியில்ல, மேஸ்திரிய ஒதைக்கணும்” என்றான். சொர்ணம் பிள்ளையின் இடுப்பைப் புடவைத் தலைப்போடு சேர்த்து முடிந்தாள். முடிச்சு அவள் கண்ணெதிரிலேயே அவிழ்ந்தது. அம்மா கை நழுவிற்று, தரை நழுவிற்று, நாளைக்குப் பூமியும் கைவிட்டால் இவளை எங்கே போய்த் தேடுவது என்று அவள் கீழ்வீட்டுக்கு ஓடினாள்.

கீழ்வீட்டு மமதா தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின்களை ஆராய்ச்சி செய்கிறவள். கதவைத் தட்டி அழுத சொர்ணத்திடம், குளிப்பாட்டுவது எந்தத் தண்ணீரில் என்று மட்டும் கேட்டாள். சொர்ணம் மேலே கூட்டிப்போய்ப் பெருமையாகவே டிரம்மைக் காட்டினாள். குடிதண்ணீர் ஃபில்டர் வேண்டாமென்று கழிக்கிற தண்ணீர், ஒரு சொட்டு வீணாக்காமல் பிடித்தது. வீடு துடைக்க, துணி அலச, பிள்ளைக்கு ஊற்ற எல்லாம் அதுதான். போர்வெல் வற்றிக் கிடக்கிற இந்த ஊரில் எவள் தண்ணீரைக் கீழே விடுவாள்?

“அய்யோ, ஏனு மாடிபிட்ரி அக்கா, என்ன பண்ணிட்டீங்க!” மமதா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஃபில்டர் விஷத்தக் கொல்லாது அக்கா, ஒதுக்கித் தள்ளும், அவ்ளோதான். தள்ளுனத பூரா நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்க.”

ஏதோ ஒரு ஆலையிலிருந்து நிலத்தடிக்கு இறங்கிய, ஒட்டாத நான்-ஸ்டிக் பாத்திரங்களுக்குப் பூசுகிற ரசாயனம் அது. காய்ச்சினாலும் சாகாது, காலத்துக்கும் மக்காது. தன் பிடியை விடவே விடாத அந்தச் சனியன், வேறு எதையும் எதுவும் பிடிக்க விடாது.

மமதா தன் மெஷினை நாலு பேர் தூக்க மாடியேற்றினாள். வைர முலாம் பூசிய தகடுகளுக்கு நடுவே டிரம் தண்ணீரை விட்டு மின்சாரம் பாய்ச்சினாள். இது வடிகட்டாது, விஷத்தையே உடைக்கும். தண்ணீர் பல்லைக் கடித்தது, உறுமியது, ஆள் குரலில் கெட்ட வார்த்தை பேசியது. எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உடைத்த தண்ணீரைத் தெளியவைத்து சொர்ணம் பிள்ளைமேல் ஊற்றினாள். வழிந்ததைப் பிடித்து மறுபடி மெஷினுக்குள், மறுபடி பிள்ளைமேல். காலையில் தொடங்கி வெயில் சாயும்வரை எல்லாம் உருண்டே ஓடியது. அடுத்த செம்பில் ஒரே ஒரு துளி, பிள்ளையின் தோளில் வந்து உட்கார்ந்து, அங்கேயே நின்றது.

அதற்கடுத்த செம்புகளில் அனுஷா தலையோடு கால் நனைந்து, தும்மி, “குளுருது” என்று அழுதாள். அம்மாவின் விரல் அவள் மணிக்கட்டில் பிடித்தது பிடித்தபடி இருந்தது. உத்தமன் வந்து பிள்ளையை வாரித் தூக்கினான். சட்டையெல்லாம் ஈரம். இறக்கிவிட மனமில்லாமல் நின்றான்.

“இப்பவும் எண்ணெய்தானா?” என்றாள் சொர்ணம்.

“இல்ல. எங்கிட்டயும் நழுவுனா சொர்ணம், ரெண்டு மூணு தரம். அதனாலதான் தூக்கறதையே விட்டேன். நெசமாவே நடந்துச்சு.”